வீட்டுக்குள் வரும் நத்தைகளும் எங்கள் வளர்ப்புப் பிராணிகளும்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல வருடங்களாக ஆள் நடமாட்டம் இல்லாத வளவுகளுக்குத்தான் நீங்கள் திரும்பி வந்திருக்கிறீர்கள். மாரி தொடங்கியதும் குசினியிலும் தறப்பாளின் கீழும் ஓடில்லாத நத்தைகளும் பெரிய ஆபிரிக்க நத்தைகளும் ஏறுகின்றன. பலர் கேட்பது ஒரே கேள்வி: “எந்த நஞ்சு போடலாம்?”

எங்கள் பதில், வீட்டடியில் நஞ்சு வேண்டாம் என்பதுதான். கடையில் விற்கும் நத்தைக் குளிசைகள் சிலவற்றில் மெற்றல்டிகைட்டு என்ற நஞ்சு உண்டு. அதைத் தவிடு போன்ற தீனுடன் கலந்தே செய்கிறார்கள். நத்தைக்கு வைத்ததை நாயும் கோழியும் ஆடும் தின்னும். குழந்தையும் எடுத்து வாயில் வைக்கலாம். இந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. வாழ்வாதாரத்துக்கென்று வளர்க்கும் நாலு கோழியையும் ஓர் ஆட்டையும் நத்தைக்காக இழக்க வேண்டாம்.

நஞ்சில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. நத்தைக்கு ஈரமும் இருட்டும் வேண்டும். விறகு, ஓடு, கிடுகு, தகரம் என்பவற்றைச் சுவரோடு குவிக்காதீர்கள். கதவின் கீழுள்ள இடைவெளியைச் சாக்கால் அடையுங்கள்.

2. இரவில் ஒரு சாக்கை நனைத்துச் சுவரோரம் போடுங்கள். விடிய அதன் கீழ் நத்தைகள் ஒதுங்கியிருக்கும். கையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு பொறுக்கி, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். பின் கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

3. மண்ணில் முட்டைகளைக் கண்டால் அவற்றையும் அழியுங்கள். ஆபிரிக்க நத்தை ஒரே தடவையில் 100 முட்டைகளுக்கு மேலும் இடக்கூடியது.

4. நாய், பூனையின் சாப்பாட்டுக் கோப்பையை இரவில் வெளியே விடாதீர்கள். அந்த மணத்துக்கும் நத்தை வரும். தண்ணீர்ச் சட்டியைக் காலையில் கழுவி நிரப்புங்கள்.

பற்றை வெட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்பட்ட நிலத்தில் மட்டும் வெட்டுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். நத்தை பொறுக்கப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்ப வேண்டாம்.

நத்தையை ஏன் வெறுங்கையால் தொடக்கூடாது? எலியின் எச்சத்தைத் தின்னும் நத்தையின் உடலில், எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். அவை மனிதரின் வயிற்றுக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும். நாய்க்கும் இந்த நோய் வரும். ஆகவே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றைப் பச்சையாகச் சம்பல் போடுமுன் ஒவ்வோர் இலையாக ஓடும் தண்ணீரில் அலசுங்கள். கடும் தலையிடியும் கழுத்து விறைப்பும் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் நத்தையைக் கவ்வினால் வீணீர் வடியும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஆனால் உடல் நடுங்கி, தள்ளாடி, வலிப்பு வந்தால் அது நஞ்சாக இருக்கலாம். பாலோ எண்ணெயோ பருக்காதீர்கள். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் வைத்து, நஞ்சுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

இந்த மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் விடிய ஒரு தரம் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து வளவுக்காரருக்கும் சொல்லுங்கள். ஒரு வீடு மட்டும் பொறுக்கினால் காணாது. எல்லாருமாகச் செய்தால் நத்தை குறையும்.