நூல் உருண்டை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. கிளாமெருலஸ் என்பது அது. கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தோழர், டாக்டர் கொடுத்த சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் தம்பிக்கு முகமும் காலும் வீங்கி, மூத்திரம் நுரைத்துப் போகிறதாம். சீட்டில் இந்த வார்த்தையும், அழற்சி என்று பொருள்படும் ஒரு வாலும் இருந்தன. பெயரே இப்படியிருந்தால் வியாதி எப்படியிருக்குமோ என்று வீட்டார் பயந்து, மந்திரவாதியை அழைத்துக் கயிறு கட்டிவிட்டு, பதினைந்து நாள் சும்மாயிருந்துவிட்டார்கள். டாக்டர் புரியாத பாஷையில் எழுதினார். மந்திரவாதி புரியாத பாஷையில் ஓதினான். இரண்டும் ஒன்றுதானே என்று அவர்களுக்குத் தோன்றியதற்கு அவர்களை மாத்திரம் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் மந்திரவாதிக்குக் கோபம் வரும். இந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். லத்தீன் பாஷையில் குளோமுஸ் என்றால் நூல் உருண்டை. கிளாமெருலஸ் என்றால் சின்ன நூல் உருண்டை. அவ்வளவுதான் சங்கதி!

கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் பார்த்திருப்பீர்கள். மனிதனுக்கும் முதுகுப் பக்கம் அப்படி இரண்டு உண்டு. அதற்குள் போகும் ரத்தக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மயிரிழையைவிட மெல்லிய குழாய்களாகி, சிக்கிய நூல் போலச் சுருண்டு கிடக்கிறது. ஒவ்வொரு குண்டிக்காயிலும் சுமார் 10 லட்சம் உருண்டைகள். ஐந்தை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர்தான் வரும்.

பழைய காலத்துக் கேலன் என்ற வைத்தியர், குண்டிக்காய் தன் இழுப்புச் சக்தியால் மூத்திரத்தைப் பிரிக்கிறது என்று எழுதினார். அவர் சும்மா சொன்னவருமல்ல. பிராணிகளின் மூத்திரக் குழாயைக் கட்டிப் பார்த்து, அது குண்டிக்காயிலிருந்துதான் வருகிறதென்று மெய்ப்பித்தவர். அவர் சோதித்தார், பின்னால் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் வந்தவர்களோ பெரும்பாலும் அவரை ஒப்பித்தார்கள். இத்தாலியில் பொலோனா நகரத்து மால்பீகி என்பவர் குண்டிக்காயின் ரத்தக்குழாய்க்குள் மையை ஏற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கிளைகளில் ஆப்பிள் பழம் தொங்குவதுபோல உருண்டைகள் தெரிந்தன. 1666-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்த உருண்டையைச் சுற்றியுள்ள உறையே மூத்திரக் குழலாக நீளுகிறது என்பதை 1842-ல் லண்டனில் பௌமன் காட்டினார். நடுவில் 176 வருஷம்!

இந்த உருண்டைகள் சல்லடை. ரத்தம் அழுத்தத்தோடு வரும்போது நீரும் உப்பும் கழிவும் கசிந்து வெளியேறும். ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நிற்கும். ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம். அத்தனையும் வெளியே போனால் நாம் பிழைப்பதெங்கே? 100-க்கு 99 பங்கைக் குழல்கள் திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சிவிடுகின்றன. மிச்சம் ஒன்றரை லிட்டர்தான் மூத்திரம்.

சல்லடை கிழிந்தால் புரதம் ஒழுகும். லண்டனில் ரிச்சர்டு பிரைட் என்ற டாக்டர், வீக்கம் கண்ட நோயாளியின் மூத்திரத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது திரைந்தது. இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது குண்டிக்காய் கெட்டிருந்தது. இதை அவர் 1827-ல் வெளியிட்டார். கருவியென்ன, ஒரு கரண்டி!

இதில் பொல்லாத விஷயம், நூல் உருண்டை கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். தழும்பாகிப் போன உருண்டைக்குப் பதில் புதிது முளைக்காது. ஆகையால் இந்த இரண்டு வியாதியுள்ளவர்கள் வருஷத்துக்கொரு தடவையாவது மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். நுரையும் வீக்கமும் கண்டவர்கள் அன்றே போக வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீக்கம் வடிந்து வருகிறதாம். கயிறு மாத்திரம் இன்னும் கையில் இருக்கிறது; அவிழ்க்கத் தாயார் சம்மதிக்கவில்லை.