நடைபாதையில் மணி அடித்தவன்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாள். சென்னையில் எங்கள் பங்கில் சந்துகள் அதிகம், கார் நுழையாது. ஆகவே நான் சைக்கிளில்தான் போவேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு மருத்துவர் சொன்ன காரணமும் ஒன்று உண்டு, அது இப்போது வேண்டாம்.

சந்துகளை அடைய பிரதான சாலையில் கொஞ்ச தூரம் போயாக வேண்டும். அங்கே சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதுகுக்குப் பின்னால் மாநகரப் பேருந்து. வலப்பக்கம் ஆட்டோ. இடப்பக்கம் வரிசையாக நிறுத்திய கார்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. ஒருநாள் பேருந்து ஒன்று என் முழங்கையை உரசுவதுபோல் வந்தது. உயிர் நடுங்கிப்போய், சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிட்டேன். ஏறியதும் அப்பாடா என்று இருந்தது.

அடுத்த நிமிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னால் மெதுவாக நடந்துகொண்டிருந்த ஒரு பாட்டிக்கு மணி அடித்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

அவர் திடுக்கிட்டு, எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் சாலையில் இறங்கிவிட்டார். பைக்கில் வந்த ஓர் இளைஞர் சடாரென்று பிரேக் போட்டதால் உயிர் தப்பினார். பையிலிருந்த தக்காளிகள் சாலையில் உருண்டன. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமியா? மன்னிச்சிருங்க சாமி, எனக்குக் காது சரியா கேக்கல" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்டவர் அவர். என் சட்டைப்பையில் நற்கருணைச் சிமிழ் இருந்தது.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஒரு பணியாளர் வருகிறார். அரசரிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவர். காலில் விழுகிறார், மன்னிக்கப்படுகிறார். வெளியே வந்ததும், தனக்கு வெறும் நூறு தெனாரியம் தர வேண்டிய உடன் பணியாளரின் கழுத்தை நெரிக்கிறார். எத்தனையோ ஞாயிறுகளில் இந்த உவமைக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் நான்தான் என்று தக்காளி பொறுக்கும்போதுதான் தெரிந்தது. நடைபாதை எனக்குச் சொந்தமான இடம் அல்ல. பேருந்துக்குப் பயந்து ஓடிவந்தவனுக்குக் கிடைத்த அடைக்கலம் அது. வந்தவன் உடனே அங்கே அதிகாரம் செய்ய ஆரம்பித்தேன்.

மனிதர் நடக்கும் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். வயதானவருக்கு அதுவும் இல்லை. சைக்கிள் நிதானமாகப் போனாலே பன்னிரண்டு, பதினைந்து. எனக்குப் பின்னால் வந்த பேருந்து எப்படியோ, அந்தப் பாட்டிக்குப் பின்னால் நான் அப்படி.

2007ஆம் ஆண்டு வத்திக்கான் சாலைப் பயணம் குறித்து ஒரு மேய்ப்புப்பணி வழிகாட்டி வெளியிட்டது. அதில் வாகனம் ஓட்டுவோருக்குப் பத்துக் கட்டளைகள் இருந்ததால் செய்தித்தாள்கள் சிரித்துக்கொண்டே எழுதின. முதலாவது, கொலை செய்யாதே என்பது. அதில் சிரிக்க எதுவும் இல்லை. சாலையில் நம்மைவிட வலுவற்றவரைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. காரில் போகிறவர் இதைக் கேட்டால் லாரியை நினைப்பார், பைக்கில் போகிறவர் காரை நினைப்பார். தனக்குக் கீழே யார் என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதற்காக சைக்கிள் ஓட்டுகிறவர்களையெல்லாம் நடைபாதையிலிருந்து விரட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர், இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, இவர்களைப் பேருந்துச் சக்கரத்தின் பக்கம் தள்ளுவது எந்த நியாயம்? நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. சைக்கிளுக்கென்று தனி இடம் எங்கள் சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை நடைபாதையில் ஏறுகிறவர் விருந்தாளி.

நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது இந்தியச் சாலை காங்கிரஸின் விதிமுறை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் இடம் அது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் ஆலய வாசலில் நின்று பார்த்தேன். நடைபாதை முழுக்க நம் மக்களின் ஸ்கூட்டர்கள். திருவிழாப் பந்தலுக்கு நட்ட கால்களில் இரண்டை யாரும் பிடுங்கவே இல்லை. பார்வையற்றவர் வழியில் தடை வைக்காதே என்று லேவியர் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அதை உள்ளே வாசித்துவிட்டு வெளியே தடை வைத்திருந்தோம்.

பந்தல் கால்களைப் பிடுங்கியாயிற்று. வண்டிகளைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும்.

அந்தப் பாட்டி இப்போதும் காலைத் திருப்பலிக்கு வருகிறார். நானும் முதல் வெள்ளிக்கிழமைகளில் அதே வழியாகத்தான் போகிறேன். பேருந்து நெருக்கினால் நடைபாதையில் ஏறுவேன். ஆனால் ஏறியதும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். டீக்கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார்: "என்ன ஃபாதர், இன்னைக்கும் பஞ்சரா?"