மணலைப் பிணைக்கும் பனிக்கட்டி

ஆழ்கடலின் அடியில், கடுங்குளிரும் நீரின் பேரழுத்தமும் ஒருங்கே கூடிய இடங்களில், நீரின் மூலக்கூறுகள் மீத்தேன் வாயுவைச் சூழ்ந்து சிறைப்படுத்துவதால் உண்டாகும் ஒருவகைப் பனிக்கட்டி, மணலிலும் சேற்றிலும் நிறைந்து கிடக்கிறது. தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும் அந்த விசித்திரப் பொருளை மீத்தேன் ஹைட்ரேட் என்கிறார்கள்.

மணற்பரல்களுக்கு இடையிலுள்ள துவாரங்களை அது அடைத்துக்கொண்டு, கொத்தனார் இட்ட சாந்துபோல் பரல்களைப் பிணைத்துவிடுகிறபடியால், படிவம் இறுகிப் பலம் பெறுகிறது. உப்புநீரின் இடத்தை அது பற்றிக்கொண்டதனால் மின்சாரம் எளிதில் பாய்வதில்லை. ஒலியோ முன்னிலும் விரைந்து செல்கிறது. ஹைட்ரேட் இருக்குமிடத்தைக் கண்டறிய இந்த ஒலி வேகந்தான் விஞ்ஞானிகளுக்குப் பிரதான சாதனம். ஹைட்ரேட் படிவத்தின் கீழே வாயு தனித்துத் தங்கியிருந்தால், அங்கே ஒலியின் வேகம் சட்டென்று குறைந்து, கடல்தரைக்கு இணையான ஓர் எதிரொலிக் கோடு கப்பலிலுள்ள கருவியில் பதிவாகும்.

ஆனால் வாயுவை எடுக்கப் புகுந்தால் மணல் சும்மா இருப்பதில்லை. 2013 மார்ச்சில், ஜப்பானை ஒட்டிய நன்காய் அகழிப் பகுதியில் சுமார் 1,000 மீட்டர் நீருக்கு அடியில், ஜப்பானியர் சிக்யூ என்னும் கப்பலிலிருந்து கிணறு தோண்டி, அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வரவழைத்தார்கள். ஹைட்ரேட் சிதைந்த இடத்தில் பரல்களின் பிணைப்பும் அற்றுப்போகவே, ஆறாம் நாள் மணல் சரிந்து கிணற்றுக்குள் புகுந்தது. ஏறக்குறைய 1,20,000 கன மீட்டர் வாயுவோடு சோதனை நின்றுபோயிற்று. 2017-இல் மணலைத் தடுக்கும் சாதனங்களோடு இரண்டு கிணறுகளில் மறுபடி முயன்றபோது, ஒன்றில் மீண்டும் மணல் புகுந்தது. மற்றொன்றில் அந்தத் தொல்லை நேரவில்லை.