கடலோரப் பாறைச் சுனைகள்



மலையிலே சுனை உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். கடலிலும் சுனை உண்டு என்றால் சிலர் வியப்படையக்கூடும். கடல் வற்றும்போது கரையோரப் பாறைகளின் குழிகளில் நீர் தேங்கி நின்றுவிடுகிறது. மறுபடியும் அலை வந்து மூடும்வரை சில மணி நேரம் அக்குழி தனியொரு சிறு கடலாக விளங்குகிறது. நண்டும் நத்தையும் சிறு மீனும் பாசியும் அதற்குள் குடியிருக்கின்றன. கடலின் உயிர்களைக் கப்பலும் வலையும் இன்றி, குனிந்து பார்த்தே அறியக்கூடிய இடம் இஃது ஒன்றுதான்.

ஐந்தாறு வயதுத் தம்பியையோ தங்கையையோ அழைத்துக்கொண்டு இச்சுனைகளைக் காணச் செல்ல விரும்பும் மாணவர்களுக்காக இன்று பேசுகிறேன். எங்கே செல்வது, எப்போது செல்வது என்னும் இரண்டு வினாக்களுள் பின்னதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் கரையைப் பொறுத்தவரை, காலம் தவறினால் இடம் இருந்தும் பயனில்லை.

கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. இந்த ஏற்றவற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவினதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் அது 14 மீட்டர் வரை எட்டுகிறது. நம் நாட்டிலேயே காம்பே வளைகுடாவில், பாவநகர்ப் பக்கம், 10 மீட்டரைத் தாண்டும். தமிழகக் கரையிலோ பெரும் ஏற்றவற்ற நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பல இடங்களில் அதனினும் குறைவு. ஆகவே ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வேளையில் சென்றால் பாறைகள் நீருக்குள்ளேயே மறைந்து கிடக்கும். குழந்தை ஏமாற்றத்துடன் திரும்பும்.

அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அந்நாட்களிலும் அவற்றையடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிகுதியாக ஏறி, மிகுதியாக வற்றுகிறது. எனவே நமக்கு வேண்டிய முதற்கருவி, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டிதான். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே ஊரில், அமாவாசை பௌர்ணமி நாட்களில் கடல் வற்றும் வேளை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஒரு பௌர்ணமியன்று கவனித்துக் குறித்துக்கொண்டால் பிற பௌர்ணமிகளுக்கும் அக்குறிப்பு உதவும். அடுத்தடுத்த நாட்களில் அவ்வேளை சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். துல்லியமாக அறிய விரும்புவோர் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பார்க்கலாம். கரையிலுள்ள மீனவப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். வற்றம் முழுமையடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்று சேருங்கள். கடல் பின்வாங்கப் பின்வாங்க நாமும் மெல்ல முன்செல்லலாம். அது திரும்பியதும் நாமும் திரும்பிவிடவேண்டும்.

இனி, இடம். திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் உள்வாங்கி, பச்சைப் பாசி படர்ந்த பாறைகள் வெளிப்பட்டதென்று நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படித்து அஞ்சுவோரும் உளர். நாம் மேலே கூறிய வற்றமே அது. வேறு வகையான உள்வாங்கலும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலைக்கு முன் மாமல்லபுரத்தில் கடல் திடீரெனப் பின்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் இருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, பள்ளியில் பூகோளப் பாடத்தில் கற்றதை நினைவுகூர்ந்து, கடலின் நிலை கண்டு எச்சரித்தாள். கரையில் நின்றவர்கள் உயிர் தப்பினர். இயல்பான வற்றம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் கடல் விலகிப்போனால், அங்கே சுனை பார்க்க நிற்கலாகாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடவேண்டும்.

குழந்தையுடன் செல்வதற்கு உயர்ந்த பாறை நல்லதன்று. தாழ்ந்து, தட்டையாக, சிறிது சிறிதாகச் சரிந்து, அருகில் மணற்பரப்பும் உள்ள கரையே ஏற்றது. முட்டம் கண்ணுக்கு இனிய இடந்தான். அதனை மேலிருந்து பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நலம். கன்னியாகுமரிப் பாறைகளையும் அவ்வாறே கருதுகிறேன். திருச்செந்தூரின் மணற்பாறைகளும், காணும் பொங்கலன்று மக்கள் திரளும் தூத்துக்குடி முயல் தீவின் கற்கரையும் இவற்றினும் மேல். மண்டபத்தையடுத்த முயல் தீவு வேறு. அது 1986இல் ஏற்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்று. வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளில் இறங்குதல் கூடாது. பருவத்தையும் நோக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் சோழமண்டலக் கரை சீறும். தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட காலமே இரண்டிற்கும் உகந்தது.

காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, முன்னறிவிப்பின்றி நம் கரையில் எழும்பும். கள்ளக்கடல் என்று கரைவாழ் மக்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! 2024ஆம் ஆண்டு மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அத்தகைய கடல் கொண்டுபோயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை விடுக்கிறது. எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

பாறையே நமக்கு ஓர் எச்சரிக்கைப் பலகையாக உதவும். சுண்ணாம்புத் துளிகள் போல் வெண்மையாக ஒட்டியிருப்பவை கொட்டலசுகள். கடல் நீர் வந்து போகும் இடத்தில்தான் அவை வாழும். ஆகையால் கொட்டலசு தென்படும் பாறை கடலுக்குரியது. அதன்மேல் செருப்பையோ உணவுப் பையையோ வைத்தால் கடல் வந்து எடுத்துக்கொள்ளும். கொட்டலசு நண்டின் இனத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் குழந்தை நம்பாது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே நீட்டி, நீரைத் துழாவி இரையை வாய்க்குள் தள்ளுகிறது. நீர் நிறைந்த சுனையில் உற்றுநோக்கினால் அந்த மெல்லிய கால்கள் விசிறிபோல் விரிந்து மடங்குவதைக் காணலாம்.

ஒரே சுனையில் அமர்ந்து பார்ப்பதே சிறந்தது. பத்துச் சுனைகளைத் தாவிச் செல்வதில் வழுக்கி விழுவதே மிச்சம். நம் நிழல் நீரில் விழாதபடி உட்கார்ந்து இரண்டு நிமிடம் அசையாதிருந்தால், ஒளிந்தவை வெளியே வரும். காலி நத்தைக்கூடு ஒன்று நடக்கத் தொடங்கும். உள்ளே இருப்பது துறவி நண்டு. அதற்கு வயிற்றுப்புறம் மிக மென்மை. ஆதலால் இறந்த நத்தையின் கூட்டில் குடிபுகுகிறது. உடல் வளர்ந்ததும் பெரிய கூடு தேடி மாறுகிறது. பூவைப்போல் விரிந்திருக்கும் கடற்சாமந்தியும் விலங்கே. அதன் இதழ்களில் கொட்டும் நுண்ணுறுப்புகள் உள்ளன. கூம்பு வடிவச் சங்கு அழகாயிருந்தாலும் தொடவே கூடாது. அதன் நஞ்சு மனித உயிரையும் போக்கவல்லது. கடல் முள்ளெலியின் முள்ளும் காலில் ஒடிந்து நிற்கும். ஆகவே காலில் கெட்டியான செருப்பு வேண்டும்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது என்பதை முதலிலேயே ஒரு விளையாட்டாகக் கற்றுக்கொடுத்துவிடலாம். கல்லைப் புரட்ட நேர்ந்தால் முன்பிருந்தவாறே வைத்துவிடுங்கள். அதன் அடிப்புறத்தில் வாழ்பவை வெயிலைத் தாங்கமாட்டா.

இங்கே பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையறிஞரை நினைக்கவேண்டியிருக்கிறது. 1853ஆம் ஆண்டு டெவன்ஷயர்க் கரையைப்பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதையும் அடுத்து வந்த நூல்களையும் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தனர். கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்காகச் சுனைகளிலிருந்து உயிர்களைப் பெயர்த்தெடுத்தனர். சிறுவனாகத் தந்தையுடன் அச்சுனைகளைக் கண்ட எட்மண்ட் காஸ், 1907இல் தம் நூலில், அவை சூறையாடப்பட்டு வெறுமையானதை வருத்தத்துடன் எழுதினார். அழிக்க வேண்டும் என்று அங்கே எவரும் வரவில்லை, விரும்பியே வந்தனர்.

நம் கரையிலும் குழந்தை முதலில் கேட்பது, "இந்தச் சங்கை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா?" என்பதே. துறவி நண்டின் கதையைச் சொல்லி, அது நாளைக்கு யாருக்கோ வீடாகும் என்றால் பெரும்பாலும் கீழே வைத்துவிடும். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை முதலியவற்றை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது; உயிரற்ற பவளத் துண்டும் அதில் அடங்கும். ஒரு சிறு ஏடும் எழுதுகோலும் கையில் இருக்கட்டும். கண்டதைக் குழந்தை வரையட்டும். அதன் கீழே நாளையும், திதியையும், கடல் வற்றியிருந்த வேளையையும் நீங்கள் எழுதிவையுங்கள். அடுத்த பௌர்ணமிக்குப் புறப்படுமுன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க நேரும்.