ராஜாவின் பிள்ளைகள்



1,500 ஆண்டுகளுக்கு முன் பிராங்கியரின் ராஜாவாக இருந்தவர் குளோவிஸ். ராணி குளோத்தில்டா கர்த்தரை விசுவாசித்தவர். அவர்களுடைய முதற்குழந்தை ஞானஸ்நானம் பெற்றவுடன் இறந்துபோனது. ராஜா கோபித்தார், ராணி விசுவாசத்தை விடவில்லை. பின்பு ஒரு போரில் தோற்கும் நிலையில் ராஜா, ராணியின் தேவனை நோக்கிக் கூப்பிட்டு வென்றார் என்பது வரலாறு. ரெய்ம்ஸ் நகரில் பேராயர் ரெமிகியுஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

511இல் ராஜா மரித்தார். நான்கு மகன்கள் நாட்டைப் பங்கிட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்ததும், தம்பிமார் இருவர் ராஜ்யத்துக்காக அவருடைய சிறு பிள்ளைகள் இரண்டு பேரைக் கொன்றார்கள். பாட்டி குளோத்தில்டா வளர்த்த பேரப்பிள்ளைகள் அவர்கள்! தப்பிய மூன்றாம் பேரன் குளோதோவால்து, பட்டம் வேண்டாமென்று துறவியானார்.

அப்பா பெற்ற ஞானஸ்நானம் சொத்துப்போல் பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக் பிள்ளைகளே, ஊரிலிருந்து வேதாகமத்தைப் பெட்டியில் கொண்டுவந்தவர்கள் உங்கள் பெற்றோர். அதைத் திறந்து வாசிக்கவேண்டியவர்கள் நீங்கள்.