இல்லத்து மொழியும் முதற்கல்வியும்

(நந்தனத்தில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகட்கு முதற்கல்வி எம்மொழியில் அமைதல் வேண்டும் என்பது பற்றிச் சில கூறுமாறு செயலாளர் பணித்தனர். நம்முட் பெரும்பாலோர் இல்லில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுவோம். குழந்தைகளையோ ஆங்கிலப் பள்ளியிற் சேர்க்கின்றோம். யாம் தமிழாசிரியராதலின் தமிழுக்கே பரிந்து பேசுவோம் என நீங்கள் எண்ணுதல் கூடும். ஆதலின் எம் பிழையொன்றை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், முதல் வகுப்பு ஆசிரியை வாராமையால் ஒருநாள் அவ்வகுப்பை யாம் நடத்த நேர்ந்தது. பசுவின் படத்தைக் காட்டி, 'இஃது என்ன?' என்று வினவினோம். தெலுங்கு பேசும் இல்லத்துச் சிறுமி ஒருத்தி முந்திக்கொண்டு, 'ஆவு' என்றாள். பிள்ளைகள் நகைத்தனர், யாமும் நகைத்து, 'பசு என்று சொல்' என்றோம். அன்று முழுதும் அவள் வாய் திறந்திலள்.

மாலையில் வீடு திரும்புங்கால், நந்தனத்து ஆவின் இல்லத்தின் பெயர்ப்பலகை கண்ணிற் பட்டது. 'ஆவின்' என்றால் பசுவினுடையது என்பது பொருள். ஆ என்பதன்றோ பழந்தமிழ்ப் பெயர்! பசு என்பது வடசொல். அச்சிறுமி கூறியது தமிழுக்கும் உறவான சொல். எம் அன்னையார் நாள்தோறும் வழங்கிய சொல். அதனைக் கேட்டுத்தான் பண்டிதர் நகைத்தார்!

ஐந்து வயதிற் பள்ளி புகும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. கேட்கவும் மறுக்கவும் கதை சொல்லவும் ஒரு மொழியை முழுதும் கைக்கொண்டே வருகின்றது. காதால் அறிந்த சொல்லை எழுத்திற் கண்டு தெளிதலே படித்தல். சொல்லையே அறியாத குழந்தை எழுத்தைக் கூட்டி ஒலிக்கும்; பொருள் காணாது. விருந்தினர் முன் ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் அதன் பொருளை வினவிப் பாருங்கள். தாயின் முகத்தை நோக்கும்.

இஃது எம் கருத்து மட்டுமன்று. 1953-இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் இதனையே வற்புறுத்திற்று. ஒடிசாவில் 2006-07 அளவில் தொடங்கிய பன்மொழிக் கல்வித் திட்டத்தில், சாந்தாலி, சவரா, குயி, கோயா முதலிய பழங்குடி மொழிகளிற் கல்வி தொடங்கிப் படிப்படியாக ஒடியா மொழிக்குக் கொண்டு செல்லும் முறை வகுக்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டமும் வாளா இருந்ததன்று. 1956-இல் அரசியலமைப்பிற் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு கூறுகின்றது. முதல் ஐந்து வகுப்புகளில் தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என 1999-இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. கர்நாடக வழக்கொன்றில் 2014-இல் உச்சநீதிமன்றமும், இதிற் கட்டாயம் கூடாது, தேர்வு பெற்றோருடையது என்று தீர்ப்பளித்தது. ஆகவே அரசைக் குறைகூறிப் பயனில்லை. பொறுப்பு இப்பொழுது நம் மடியிலேயே வந்து விழுந்திருக்கின்றது.

'ஆங்கிலமின்றிப் பிழைப்பு உண்டோ?' என்பீர்கள். ஆங்கிலம் வேண்டா என்று யாம் கூறவில்லை. எம் மக்களும் அதனைக் கற்றே வருகின்றனர். அதனை ஒரு பாடமாக நன்கு கற்பித்தல் வேறு. மூன்று வயதிலேயே கணக்கையும் கதையையும் அதன் வழியே திணித்தல் வேறு. தெலுங்குப் பள்ளி தெருவுக்கொன்று கிடையாது என்பதும் உண்மையே. தமிழிலும் விளையாடிப் பழகிய குழந்தைக்குத் தமிழ்வழிப் பள்ளி அயலிடமாகாது, தயங்காது சேர்க்கலாம். ஆனால் ஆசிரியர் வீட்டுச் சொல்லை எள்ளலாகாது. பெற்றோரும் பாட்டியை, 'குழந்தையோடு ஆங்கிலத்திற் பேசுங்கள்' என்று வருத்தலாகாது. அக்கொடுமையை நம் வீடுகள் சிலவற்றில் நேரிற் கண்டுள்ளோம்.

ஞாயிறு காலை இம்மண்டபம் வெறிதே கிடக்கின்றது. ஒரு மணிநேரம் நம் பிள்ளைகட்குத் தெலுங்கு எழுத்துக் கற்பிக்கவும், முதியோர் கதை சொல்லவும் இடந்தருமாறு தலைவரை வேண்டுகின்றோம். கரும்பலகை எம் வீட்டில் ஒன்று உண்டு, கொணர்வோம். எழுத்துக் கற்பிக்க இருவர் வேண்டும். எமக்குத் தெலுங்கு பேச வருமேயன்றி எழுத வாராது. ஆதலின் பிள்ளைகளோடு யாமும் அமர்ந்து கற்போம்.