சித்திரகுப்தன் ஏடும் புற்றுநோய்ப் பதிவேடும்

(செட்டியார்பட்டி பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சித்திரகுப்தன் என்று ஒருவன் இருப்பதாகவும், நாம் செய்யும் பாவ புண்ணியங்களை ஏட்டில் எழுதி வருவதாகவும் புராணக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஏட்டை யாராவது பார்த்ததுண்டா? அதனால் ஒரு உயிராவது பிழைத்ததுண்டா? அப்படியிருந்தும் அதற்குப் பயந்து சித்ரா பௌர்ணமியில் விரதம் இருக்கிற மக்கள், மனிதனுக்காக மனிதன் எழுதுகிற ஏட்டைக் கண்டால் மாத்திரம் ஒளிந்து கொள்ளுகிறார்கள். அதுதான் புற்றுநோய்ப் பதிவேடு.

டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1981-ல் சென்னை நகரத்துக்கென்று அங்கே பதிவேடு தொடங்கி, 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கும் வேலை ஆரம்பமாயிற்று. நோயாளியின் வயது, ஊர், நோய் கண்ட உறுப்பு, எவ்வளவு முற்றிய பின் வந்தார், என்ன வைத்தியம், இப்போது உயிரோடிருக்கிறாரா என்பவைதான் இப்படிப்பட்ட ஏடுகளில் எழுதப்படுகின்றன. பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

"எழுதினால் வியாதி தீருமா?" என்று சிலர் கேட்கலாம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். எவ்வளவு நூல் போயிற்று, எவ்வளவு துணி வந்தது என்று கணக்கெழுதாத தறிக்காரர் பிழைப்பாரா? துணிக்குக் கணக்கு வேண்டும், உயிருக்கு வேண்டாமா?

திண்டுக்கல் ஜில்லாவில் நடந்ததைக் கேளுங்கள். 2000-ஆம் வருஷம் முதல், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஊர் ஊராக இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் 49,311 பேர். மற்றதில் 30,958 பேர். முதற்பிரிவாருக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள், புளிக்காடி போன்ற அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு கண்டால் அப்போதே வைத்தியம். பிறகு இரண்டு பிரிவிலும் நோய் கண்டவர், இறந்தவர் அத்தனை பேரையும் தேடிப் பதிந்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் அந்த நோயால் ஏற்பட்ட சாவு 100-க்கு 35 வீதம் குறைந்திருந்தது. ஏடு இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? பூசாரி தன் வேப்பிலையால் குறைந்தது என்றல்லவா சொல்லியிருப்பான்!

நிற்க, இந்த ஏடு வைத்தியரையும் சும்மா விடாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன், ஒவ்வொரு நோயாளியும் பின்னால் என்னவானார் என்று ஆஸ்பத்திரிகள் தேடி எழுத வேண்டும் என்றார். சக வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரோ 1911 முதல் 1916 வரை தம் ஆஸ்பத்திரியில் பார்த்த 337 பேரில் நேர்ந்த 123 தவறுகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பரிகாரம் பலிக்காத கணக்கை எந்தப் புரோகிதராவது அச்சிட்டதுண்டா?

100 பேர் வைத்தியம் தொடங்கி 30 பேர் பாதியில் நின்றுவிட்டதாக வைத்துக் கொள்வோம். ஏடில்லாத ஊரில் அது "தலைவிதி" ஆகிவிடும். ஏடிருந்தால், பஸ் சார்ஜ் இல்லாமல் நின்றவர் யார், கூலி போய்விடுமென்று நின்றவர் யார், மாமியாருக்குப் பயந்து நின்றவர் யார் என்று தெரியும். தெரிந்தால் அதற்கு வழி செய்யும்படி சர்க்காரைக் கேட்கலாம். விதியிடம் யார் போய்க் கேட்பது?

தாய்மார்களே! மாதவிலக்கு நின்ற பின்பு இரத்தம் கண்டாலும், மார்பில் கட்டி தென்பட்டாலும் வெட்கப்பட்டு மறைப்பதைக் கற்பு என்று உங்களுக்குச் சொல்லி வைத்தவர்கள் ஆண்கள். சாகிறவர்கள் நீங்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இளைஞர்களே! அவர்களைக் கூட்டிப் போவது உங்கள் வேலை. கணக்கெடுக்க வருகிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் சாவு நேர்ந்தால் காரணத்தை மறைக்காமல் பதியுங்கள். இறந்தவரைப் பற்றி எழுதும் அந்த ஒரு வரி, இருப்பவரைக் காப்பாற்ற உதவும் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.